அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தால் என்ன கேட்டிருக்கும்? – மைக் செட்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே நாற்பது வருடத்துக்கு மேல் மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். இப்போது கடையை அக்கா மகன் பார்த்துக்கொள்கிறான், நான் டீக்கடை பெஞ்சைப் பார்த்துக்கொள்கிறேன். பையன்கள் போனில் பழைய கச்சேரி வீடியோ எதையாவது காட்டி, "மாமா, இதுக்கு நேர்ல போயிருந்தா எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்பார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். நான் பாட்டுக்காரன் இல்லை. ராகம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எந்தக் கச்சேரியைச் சொன்னாலும் எனக்கு முதலில் தோன்றுவது, அங்கே நின்றவன் காதில் என்ன விழுந்தது என்பதுதான்.

உலகம் முழுக்க "போகாமல் போய்விட்டோமே" என்று ஏங்குகிற கச்சேரி எது?

உட்ஸ்டாக் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். 1969 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் ஒரு மாட்டுப் பண்ணை நிலம். மூன்று நாள் என்று திட்டம் போட்டு, நாலாம் நாள் காலை வரை இழுத்தது. நாலு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். வேலி கட்டி முடிப்பதற்குள் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டதால், டிக்கெட் வாங்கியவனும் வாங்காதவனும் ஒன்றாகவே உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் கூட்டத்துக்கு ஆசி சொல்லித் தொடங்கி வைத்தவர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர், நம் ஆள். அன்றிரவு மழையில் பண்டிட் ரவிசங்கர் சிதார் வாசித்தார். அந்த அனுபவத்தை அவர் பிற்பாடு விரும்பிப் பேசியதில்லை. சேற்றில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவருக்கு எருமை மாடுகள் நினைவுக்கு வந்ததாம்.

எல்லாரும் வீடியோவில் பார்க்கிற ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், அமெரிக்க தேசிய கீதத்தை கிட்டாரில் கதறவிடும் அந்தக் காட்சி, திங்கட்கிழமை காலையில் நடந்தது. அதற்குள் முக்கால்வாசிக்கு மேல் கூட்டம் கலைந்துவிட்டது. இது நமக்குப் புதிதா என்ன? விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போட்டால், கடைசியில் கல்யாணம் வரும்போது பாயில் பாதிப் பேர் குறட்டை விடுவார்கள். மறுநாள் அத்தனை பேரும் "நான் முழுசாப் பார்த்தேன்" என்பார்கள். உட்ஸ்டாக்குக்குப் போனதாகச் சொல்கிறவர்களையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒலி அமைத்தவர் பில் ஹான்லி. உயரமான கோபுரங்களில் ஸ்பீக்கர் ஏற்றி, சரிவில் உட்கார்ந்திருந்த கூட்டத்தின் மேல் சத்தம் இறங்கும்படி செய்தார். அவருக்கு என் கும்பிடு. ஆனாலும் கணக்கு ஒன்று இருக்கிறது. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 340 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவன், டிரம்மில் குச்சி விழுவதைப் பார்த்து ஒரு நொடி கழித்துத்தான் சத்தத்தைக் கேட்டிருப்பான். நீங்கள் போயிருந்தால் முன்வரிசையில் இருந்திருப்பீர்கள் என்று யார் சொன்னது?

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவோட கச்சேரி? அதையாவது பார்த்திருக்கலாமே?

பார்த்திருக்கலாம், கேட்டிருக்க முடியாது. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கில் ஷே ஸ்டேடியம், பேஸ்பால் மைதானம். 55,600 பேர். அந்தச் சுற்றுப்பயணத்துக்காக வாக்ஸ் கம்பெனி கிட்டாருக்கு 100 வாட் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) தனியாகச் செய்து கொடுத்தது. பாட்டுக்கு, மைதானத்தில் ஸ்கோர் அறிவிக்கிற ஒலிபெருக்கிதான்! 100 வாட் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு காது குத்து வீட்டுக்கே போதாது. பெண்பிள்ளைகள் அலறிய அலறலில் பாடினவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. டிரம் வாசித்த ரிங்கோ, முன்னால் நிற்கிறவர்களின் முதுகு ஆடுவதைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று கண்டுபிடித்தாராம். மொத்தமே அரை மணி நேரம்தான். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் அவர்களுடைய எந்தக் கச்சேரிக்கு நீங்கள் போயிருப்பீர்கள்?

மொட்டை மாடிக் கச்சேரிக்கு. 1969 ஜனவரி 30, லண்டனில் அவர்களுடைய சொந்த அலுவலகத்தின் மாடியில், யாருக்கும் சொல்லாமல் 42 நிமிடம் வாசித்தார்கள். தெருவில் போன ஆட்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். போலீஸ் மாடிக்கு ஏறி வந்ததும் முடிந்தது.

பாட்டுக்காக நான் இதைச் சொல்லவில்லை. அன்றைக்குக் குளிர்காற்று அடித்ததில் மைக்கெல்லாம் 'புஸ் புஸ்' என்று இரைந்திருக்கிறது. ஆலன் பார்சன்ஸ் என்ற இளைஞர் அப்போது அங்கே ஒலிப்பதிவு உதவியாளர். அவரைக் கடைக்கு அனுப்பி, பெண்கள் காலில் மாட்டும் மெல்லிய நைலான் உறை வாங்கி வரச்சொல்லி, அதை மைக்கின் மேல் சுற்றினார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாம்பனில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாங்கள் கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவோம். இங்கே காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். மைக் எம்மாத்திரம்? உலகப் புகழ்பெற்ற ஆட்களும் எங்களைப் போலவே துணி சுற்றினார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை.

இராமேஸ்வரத்தில் பாடினால் ராத்திரியில் கடல் தாண்டிக் கேட்கிறது, பகலில் கேட்பதில்லை. ஏன்?

இது மைக் செட் கேள்வி, இதற்கு நானே பதில் சொல்லலாம். பகலில் தரை சூடேறி, தரையை ஒட்டிய காற்றும் சூடாக இருக்கும். சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும். அதனால் கீழ்ப்பக்கம் முந்திக்கொண்டு, மொத்தச் சத்தமும் மேல்நோக்கி வளைந்துவிடும். ராத்திரியில் தலைகீழ். கீழே குளிர், மேலே கொஞ்சம் சூடு. மேலே போன சத்தம் வளைந்து கீழே இறங்கும். தண்ணீருக்கு மேலே தடுப்பு எதுவும் இல்லாததால் இன்னும் வசதி. காற்றுத் திசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. எதிர்க்காற்றில் சத்தத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதாக நினைப்பார்கள். உண்மையில் அது உங்கள் தலைக்கு மேலே வளைந்து போய்விடுகிறது. அதனால்தான் குழாய் ஸ்பீக்கரை உயரத்தில் கட்டி, வாயைக் கொஞ்சம் கீழே சாய்ப்போம்.

நம் இராமநாதபுரத்தில் அப்படிப்பட்ட கச்சேரி எதுவும் நடக்கவில்லையா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். சேதுபதி அரண்மனையில் நவராத்திரி என்றால் வித்வான்கள் கூடுகிற காலம். அந்த அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குப் போயிருக்கிறீர்களா? பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஓடிப் பார்த்ததைச் சொல்லவில்லை. நின்று சுவரைப் பாருங்கள், அரசர் ஆட்டம் பாட்டம் பார்க்கிற ஓவியங்கள் இன்னும் இருக்கின்றன. பாஸ்கர சேதுபதி காலத்து ஊர்க்காரர் 'பூச்சி' ஸ்ரீனிவாச ஐயங்கார், 1860இல் இராமநாதபுரத்தில் பிறந்தவர். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சிஷ்யர். அந்தப் பூச்சி ஐயங்காரிடம் படித்தவர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்றைக்குச் சென்னை சபாக்களில் வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி, துக்கடா என்று ஒரு வரிசையில் பாடுகிறார்களே, அந்த அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி. ஆக, மார்கழி சீசன் கச்சேரி முறைக்கு ஒரு வேர் நம் ஊரில் இருக்கிறது.

அந்தத் தலைமுறையில் பலருடைய குரலை இனி யாரும் கேட்க முடியாது. மகா வைத்தியநாத ஐயர் 1893இல் காலமானார். இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியதே 1902இல், கல்கத்தாவில். ஒன்பது வருடம்! அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், ஒரு நொடி ஒலிகூட இல்லை. உட்ஸ்டாக்கைத் தவறவிட்டதாக வருத்தப்படுகிற பையன்களிடம் இதைத்தான் சொல்வேன். உனக்காவது போனில் வீடியோ இருக்கிறது.

அதற்கப்புறம் மிருதங்கத்தில் இராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி. பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, முருகபூபதி மூவரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். நாகூர் ஹனிபாவையும் மறக்கக் கூடாது, அவர் பிறந்தது இராமநாதபுரத்தில். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சொல்வார்: "அந்த மனுசனுக்கு மைக் வைக்கிறது மரியாதைக்குத்தாண்டா." மைக் செட்காரனைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா?

வெளிநாட்டு ராக் கச்சேரிகளோடு நம் ஊருக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேய கிட்டார்க்காரர், சாகிர் உசேன் தபலா, எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம் எல்லாரும் சேர்ந்து 'சக்தி' என்று ஒரு குழு நடத்தினார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு ஸ்டுடியோவில் செய்ததே இல்லை. 1975 ஜூலை 5, நியூயார்க் அருகே ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியை அப்படியே பதிவு செய்தது. அதில் மிருதங்கம் ராம்நாட் ராகவன்; ராம்நாட் என்றால் நம் இராமநாதபுரம்தான். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. அண்ணன் தம்பி இருவருமே அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள். வயலின் சங்கர் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில், அதாவது நம் வடகடலுக்கு அந்தப் பக்கம். பாக் நீரிணையின் இரண்டு கரையும் நியூயார்க்கில் ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கின்றன. கேட்டுப் பாருங்கள், அந்த வேகத்தில் கை எங்கே சொல் எங்கே என்று பிரிக்கவே முடியாது. உட்ஸ்டாக்கைவிட எனக்கு இந்தச் சின்னக் கூட்டத்தில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் போதும்.

தனுஷ்கோடி வழியாகக் கலைஞர்கள் இலங்கைக்குப் போனது உண்மையா?

1914இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலும் வந்த பிறகு, கொழும்புக்குப் போக அப்போது இதுதான் பெரிய வழி. நாடகக் கம்பெனிகள் சீன் படுதா, ஆர்மோனியப் பெட்டி சகிதமாகப் போய் வந்தன. கொழும்பு நாடக மேடையில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள், 1920களின் பிற்பகுதியில். மைக் கிடையாது. கடைசி வரிசை வரைக்கும் தொண்டைதான். ஒருவர் பாட, மற்றவர் அதற்கு மேலே போக, சபை "ஒன்ஸ் மோர்" என்று கத்த, ஒரே பாட்டு எத்தனை முறை நீண்டிருக்கும்! இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் அடங்கும். அதனால் நமக்குக் கிடைத்திருப்பது நறுக்கின துண்டு. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் போய்விட்டார். அதற்கப்புறம் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்துவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு டிக்கெட் என்றால் இதற்குத்தான். என் தொழிலே இல்லாத ஒரு ராத்திரி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் வந்தார்கள். தவிலில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அங்கிருந்து வந்து இங்கே பெரிய நாதஸ்வர வித்வான்களுக்கு வாசித்தவர். 1975இல் 41 வயதில் மறைந்தார்.

ஒரு கச்சேரி பணம் திரட்டி உதவியது என்கிறார்களே, அது எது?

வங்கதேசக் கச்சேரி. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஒரே நாளில் இரண்டு காட்சி, சேர்த்து 40,000 பேர். 1970 நவம்பரில் வங்காளக் கடற்கரையைப் புயல் அழித்தது, அதன் பின்னாலேயே போரும் அகதிகளும். ரவிசங்கர் தன் நண்பர், பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனிடம் ஏதாவது செய்ய வேண்டும் என்றார். அவர் பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ என்று எல்லாரையும் கூப்பிட்டுவிட்டார். டிக்கெட் பணம் மட்டும் 2,40,000 டாலருக்கு மேல் யுனிசெஃபுக்குப் போனது.

தொடக்கத்தில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்தார்கள். முடித்ததும் கூட்டம் கைதட்டியது! சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால், வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். அமெரிக்கர்களைக் கேலி செய்ய இதைச் சொல்வார்கள். எங்கள் ஊரில் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" சொன்னதற்கே எனக்குக் கைதட்டு விழுந்திருக்கிறது, அதனால் நான் சிரிப்பதில்லை.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது எங்கள் ஆட்களுக்காக எந்த ஸ்டேடியத்திலும் யாரும் பாடவில்லை. குறையாகச் சொல்லவில்லை. 1971 கச்சேரிக்கு முன்னால் அப்படிச் செய்யலாம் என்று உலகத்தில் பெரிதாக யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

லைவ் எய்டும் அதே மாதிரியா?

அதே வழிதான், இன்னும் பெரிது. 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில். எல்லாரும் பேசுவது குயீன் குழுவின் 20 நிமிடச் சொச்சம். அதன் பாடகர் பிரெடி மெர்குரி 70,000 பேரை "ஏ...ஓ" என்று பாடவைத்தது. ஆள் சான்சிபாரில் பிறந்த பார்சி, பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில். டிவியிலேயே நன்றாகத்தான் இருக்கிறது, விடுங்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. சபையில் பாடினாரே?

1966 அக்டோபர் 23. காஞ்சிப் பெரியவர் எழுதிக் கொடுத்த 'மைத்ரீம் பஜத' அங்கேதான் பாடப்பட்டது. பெருமையான விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கப் போவதென்றால் நான் ஐ.நா.வுக்குப் போக மாட்டேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த தூதர்கள், எங்கே தலையாட்டுவது என்று பக்கத்தில் பார்த்துக்கொள்கிற சபை. பாடுகிறவருக்கு எதிரே "ஆஹா" சொல்ல ஆள் வேண்டும். நம் ஊர் மண்தரையில் பாடினால் அது கிடைக்கும்.

நேரடிப் பதிவு என்று விற்கிறார்களே, அதை நம்பலாமா?

பாதி நம்பலாம். ஜானி கேஷ் என்ற பாடகர் 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறைக்குள் கைதிகளுக்குப் பாடினார். "சும்மா அவன் சாவதைப் பார்க்கவே சுட்டேன்" என்ற பொருளில் ஒரு வரி வரும்போது கைதிகள் ஆரவாரம் செய்வதாகத் தட்டில் கேட்கும், முதுகு சில்லிடும். அது பிறகு ஸ்டுடியோவில் ஒட்டியது. சிறைக்காவலர்கள் நிற்கும்போது எந்தக் கைதி அந்த வரிக்குக் கத்துவான்?

இன்னொன்று, பாப் டிலன் 1966இல் பழைய சாதா கிட்டாரை விட்டு மின்சார கிட்டாரோடு பாடியதற்குக் கூட்டத்தில் ஒருவன் "யூதாஸ்!" என்று துரோகிப் பட்டம் கட்டிக் கத்திய கச்சேரி. அதன் திருட்டுப் பதிவு 'லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்' என்ற பெயரில் வருடக்கணக்கில் சுற்றியது. உண்மையில் நடந்தது மான்செஸ்டரில், மே 17. கேசட் உறையில் ஊர் பெயரைத் தப்பாக எழுதுகிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

கருவி மோசமாக இருந்தால் கச்சேரி கெட்டுவிடுமா?

கெடும். விதிவிலக்கு ஒன்று சொல்லலாம். 1975 ஜனவரி 24, ஜெர்மனியில் கொலோன் நகரம். கீத் ஜாரெட் தனியாகப் பியானோ வாசிக்க வந்தார். அவர் கேட்ட பியானோவுக்குப் பதிலாக மேடையில் சின்னதாக, மேல் சுரங்கள் தகரம் தட்டுகிற, பெடல் சரியாக வேலை செய்யாத ஒன்று நின்றது. ஏற்பாடு செய்தது பதின்ம வயதுப் பெண் ஒருத்தி. வேண்டாம் என்றவரை அவள்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள். கெட்ட சுரங்களைத் தவிர்த்து, நடுவிலும் கீழேயும் சுற்றிச் சுற்றி வாசித்தார். அந்தப் பதிவு லட்சக்கணக்கில் விற்றது. இதைச் சொல்லி என்னிடம் மட்டமான ஆம்ப் போதும் என்று பேரம் பேசினவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில்: சரி, கீத் ஜாரெட்டைக் கூட்டி வாருங்கள்.

நீங்கள் நேரில் கேட்டதில் மறக்க முடியாதது?

மைக் செட்காரன் கச்சேரி கேட்பதில்லை. பாட்டு ஓடும்போது அவன் காது இரைச்சலிலும், எந்தக் குழாய் கரகரக்கிறது என்பதிலும், ஜெனரேட்டர் மூச்சு வாங்குகிறதா என்பதிலும்தான் இருக்கும். நன்றாக நடந்த கச்சேரிகள் எனக்கு நினைவிலேயே இல்லை. கூவிக்கொண்டே இருந்த மைக்குகள் எல்லாம் நினைவிருக்கின்றன.

ஒன்றே ஒன்று. 1980களில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில் இரட்டை நாதஸ்வரம், சிறப்புத் தவில். ஆம்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, 90 நிமிடக் கேசட்டில் பதிவு செய்தேன், அப்புறம் வீட்டில் கேட்கலாம் என்று. இரண்டு முறை கேட்டேன். அன்றைக்குத்தான் என்ன நடந்தது என்று எனக்கே தெரிந்தது. மூன்றாம் முறை போட்டபோது கிரிக்கெட் வர்ணனை வந்தது. யார் பதிவு செய்தது என்று வீட்டில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பி பக்கத்தின் கடைசியில் ஆறு நிமிடம் மிச்சம் இருக்கிறது, தவில் தனி மட்டும்.

வீட்டில் பழைய கச்சேரி கேசட் கிடக்கிறது. என்ன செய்வது?

உடனே டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். நம் உப்புக் காற்றில் நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். சுத்தமாக இருந்தால், ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றி, திரும்பவும் சுற்றிவிட்டுப் போடுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்துக் கணினியில் ஏற்றுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் கேசட்டை வைக்காதீர்கள், காந்தம் தின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. கேசட்டின் நாடா தெரிகிற பக்கத்தைக் கீழே வைத்துப் பிடித்தால், மேலே இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். இடது பக்கக் காது உங்களைப் பார்த்திருக்கிற பக்கத்துக்கு, வலது காது பின்பக்கத்துக்கு. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் அதன் மேல் எதையும் பதிவு செய்ய முடியாது.